காய்ச்சல் அன்று வந்த கஞ்சி

கருங்கல் அருகிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்குப் பூங்கொடி எழுதுவது. மூட்டுவலி குறைந்ததா? அம்மா நேரத்துக்கு மாத்திரை போடுகிறாளா?

போன செவ்வாய்க்கிழமை எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். இப்போது சுத்தமாக இல்லை. யாரிடமும் சொல்லாமல் அறையில் படுத்துவிட்டேன். ஆனால் இந்தக் கல்லூரி ஊரில் எட்டரை மணி பஸ்ஸில் யார் ஏறவில்லை என்பதுகூட எல்லோருக்கும் தெரியும். கண்டக்டர் ஜிபின், டீக்கடைத் தங்கப்பன் அண்ணனிடம், "லைப்ரரி டீச்சரக் காணலியே" என்று கேட்டிருக்கிறார். அவர் ஜெராக்ஸ் கடையில் சொல்ல, மத்தியானத்துக்குள் தெருவே வாசலில் நின்றது.

"ஏட்டி மக்கா, சுகமில்லேன்னா ஒரு வார்த்த சொல்லண்டாமா?" என்று வீட்டுக்காரச் செல்லபாய் அக்கா திட்டிக்கொண்டே கஞ்சி ஊற்றினார். பின்னாலேயே பயறும் துவையலுமாக மற்ற வீட்டுக் கஞ்சிகளும் வந்தன.

இங்கேயும் நம்மைப்போலத்தான், பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். அதனால் கடலை உருண்டை அனுப்புங்கள். எனக்குத் தனியாக ஒரு பொட்டலம், அம்மா கையால் பிடித்தது.

பஸ் வந்து எனக்காக நிற்கிறது. ஊரைவிட்டு இந்த வேலைக்குக் கிளம்பியபோது, "அங்க உனக்கு யாரும்மா இருக்கா?" என்று கேட்டீர்களே. ஏழு வீட்டுப் பாத்திரம் இருக்கிறது அப்பா, அதற்குத் தகுந்த மாதிரி அனுப்புங்கள்.

பூங்கொடி