வட்டத்தில் ஓர் ஒடுக்கு

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் என் தம்பி எனக்கு மேலதிகாரி.

இருபத்தொரு வருடமாக இந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். மடிப்புப் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு. பத்து வருடத்துக்கு முன்பு அவனைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவளே நான். படுக்கை விரிப்பின் மூலையை எந்த விரலில் பிடிப்பது என்றுகூடத் தெரியாமல் பேந்தப் பேந்த விழித்தவன். மேற்பார்வையாளர் பதவிக்கு நானும் எழுதிக் கொடுத்திருந்தேன். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீங்க சீனியர்தாம்மா, இல்லைன்னு சொல்லலை. ஆனா எல்லாரையும் அனுசரிச்சுப் போறது உங்க தம்பிதான்" என்றார். அனுசரிச்சு! அதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது யாராம்?

முதல் மூன்று மாதம் தற்காலிகம். அதற்குள் குறை எதுவும் வரவில்லை என்றால் நிரந்தரம். இடுப்பில் சாவிக்கொத்து வேறு. நடந்தால் கிலுகிலு, நின்றால் கிலுகிலு. எனக்கு வயிறு எரிகிறது. இங்கே எழுதாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 5, புதன்

எல்லோரும் அவனை சார் என்கிறார்கள். நான் எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் போய் நின்று இருமுகிறேன்.

மார்ச் 7, வெள்ளி

போதகர் அம்மா போன் செய்தார். பதினாறாம் தேதி பெண்கள் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: வனாந்தரத்தில் ஜனங்களின் முறுமுறுப்பு. "உங்களை மாதிரி யாரும் கோர்வையாப் பேச முடியாதும்மா" என்றார். அப்படி வா வழிக்கு. எங்கேயாவது ஒரு இடத்தில் என்னை மதிக்கிறார்கள்.

தம்பி மனைவியும் பேசினாள். "அவருக்குச் சாப்பிடக்கூட நேரம் இல்ல அண்ணி. பொறுப்பு அவ்வளவு." அவருக்காம். ஆறு வருடத்துக்கு முன்னால் வந்தவள். அவன் எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பான் என்று பால் குடிக்கிற வயதிலிருந்து எனக்குத் தெரியும். அம்மா வேலைக்குப் போன நாளெல்லாம் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். என்னிடமே அவனைப் பற்றிச் சேதி சொல்கிறாள்.

மார்ச் 11, செவ்வாய்

பழைய சலவைக்கூடத்தை இடித்துவிட்டார்கள். புதியது இந்த மாதக் கடைசியில்தான் தயாராகும். அதுவரை தகரக் கொட்டகை. மத்தியானத்துக்குக் கேண்டீனிலிருந்து வருவது ரொட்டி, அவித்த முட்டை, உருளைக்கிழங்கு. நேற்றும் அதுதான், நாளைக்கும் அதுதான்.

இன்று சாப்பிடும்போது நான் மெதுவாக ஆரம்பித்தேன். "பழைய கட்டடத்துல சுடச்சுடச் சாப்பிட்டோம்." அவ்வளவுதான். ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கட்டடம் ஒழுகியது, எலி ஓடியது, வருடம் முழுக்க நாங்களே அதைச் சபித்தோம். இன்று அது சொர்க்கமாகிவிட்டது. விரிப்புகளுக்குச் சூட்டு உருளையில் இஸ்திரி போடும் ரோலர் அண்ணன், "எல்லாம் மேல இருக்கிறவன் சரியில்லாததால வந்தது" என்றார். நான் முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். மனதுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

மேனேஜருக்கு ஒரு புகார் மனு. யோசனை என்னுடையது, வார்த்தைகளும் என்னுடையவை. என் கையெழுத்து தெரியக் கூடாது என்று ரோலர் அண்ணன் வெளியே ஒரு கடையில் டைப் அடித்து வந்தார். சாப்பாடு, கொட்டகை வெக்கை, ஷிஃப்ட் போடுவதில் பாரபட்சம். கடைசியில் நானே யோசித்த ஒரு வரி: "இங்கே எல்லோரும் சமம்தான். ஒருவர் மட்டும் எதற்காகத் தன்னை உயர்த்திக்கொள்ள வேண்டும்?"

முதல் கையெழுத்து யாருடையது என்று எல்லோருக்கும் பயம். அதற்கும் நானே வழி சொன்னேன். ஒரு வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கையெழுத்துப் போட்டால் முதலும் இல்லை, கடைசியும் இல்லை. என் சாப்பாட்டு டப்பாவின் மூடியைக் கவிழ்த்து வைத்து வரைந்தேன். அந்த மூடியில் ஒரு பக்கம் ஒடுக்கு. தம்பி ஐந்து வயதில் ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும் என்று அதன்மேல் ஏறி நின்றதில் விழுந்தது. வட்டமும் அங்கே கொஞ்சம் உள்ளே போய்விட்டது. போகட்டும், யார் பார்க்கப்போகிறார்கள்?

பதின்மூன்று பேர் போட்டார்கள். "நீங்க போட வேணாம்க்கா, கூடப் பிறந்த தம்பி, நல்லா இருக்காது" என்று அவர்களே சொன்னார்கள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

மார்ச் 16, ஞாயிறு

நன்றாகப் பேசினேன். வனாந்தரத்தில் ஜனங்களை நடத்தி வந்த மோசேயைக் கோராகு கூட்டம் சேர்த்து எதிர்த்ததையும், பூமி பிளந்து அவனை விழுங்கியதையும் சொன்னபோது ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. குறிப்பு எடுத்த காகிதமும் அந்த மனுவும் ஒரே பைக்குள் இருந்தன.

ஒன்று மட்டும் இடித்தது. கோராகு மோசேயிடம் கேட்ட கேள்வியைச் சொல்லும்போது நாக்கு ஒரு நொடி நின்றது. எல்லோரும் சமம்தானே, நீ மட்டும் எதற்கு உயர்த்திக்கொள்கிறாய் என்கிறான். என் வரி! நானே யோசித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

கூட்டம் முடிந்ததும் தம்பி மனைவி வந்தாள். "ரொம்ப நல்லாப் பேசினீங்க அண்ணி. மிரியாமைப் பத்தி மட்டும் விட்டுட்டீங்க?"

"நேரம் இல்ல" என்றேன்.

நேரம் இருந்தது. மோசேயின் அக்கா அவள். தம்பியைப் பற்றியும் தம்பி பெண்டாட்டியைப் பற்றியும் புறம் பேசிய அக்கா. பேச்சுக்குத் தயார் பண்ணும்போது வேதாகமத்தில் அந்த அதிகாரத்தைத் திறந்தேன், மூடிவிட்டேன். இவள் வேண்டுமென்றே கேட்டாளா, வெகுளியாகக் கேட்டாளா?

மார்ச் 17, திங்கள்

ரோலர் அண்ணன் மனுவை மேனேஜர் அறைப் பெட்டியில் போட்டுவிட்டார்.

மார்ச் 19, புதன்

மேனேஜர் கொட்டகைக்கே வந்துவிட்டார். மனுவைத் தம்பி கையில் கொடுத்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "கையெழுத்துப் போட்டவங்களை நான் ஒண்ணும் செய்யப் போறதில்ல. இதுக்குப் பின்னாடி ஒரு ஆள் இருக்கு. யாருன்னு நீ கண்டுபிடி. அந்த ஆள் இங்க வேலையில இருக்க மாட்டாங்க."

தம்பி எழுத்தைப் படித்ததுபோலத் தெரியவில்லை. காகிதத்தைத் திருப்பித் திருப்பி அந்த வட்டத்தையே பார்த்தான். ஒரு இடத்தில் கட்டைவிரலை வைத்துத் தடவினான். அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐயோ, மூடி!

மத்தியானம் நாங்கள் சாப்பிடுகிற இடத்துக்கு வந்தான். என் டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. சாவிக்கொத்தைக் கையால் பிடித்துச் சத்தம் வராமல் போனான். இருபத்தொரு வருட வேலை. போனால் நான் எங்கே போய் நிற்பேன்? அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன்.

மார்ச் 21, வெள்ளி

காலையில் கை இரண்டும் முழங்கை வரை வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்து கிடந்தது. மூடியை இன்று வீட்டுக்குக் கொண்டுபோய் ஒளித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். நர்ஸ் வாசலிலேயே என் கையைப் பார்த்துவிட்டார். "இதோட நோயாளிங்க துணியைத் தொடக் கூடாது. ஏழு நாள் வீட்டுல இருங்க." உள்ளே விடவே இல்லை. டப்பா கொட்டகை அலமாரியில் இருக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அந்த அதிகாரத்தைப் படித்தேன்.

புறம் பேசியதற்குத் தண்டனையாக மிரியாமுக்குத் தோல் வெளுத்துப்போகிறது. ஜனங்கள் கூடாரம் போட்டிருந்த பாளயத்துக்கு வெளியே ஏழு நாள் வைக்கிறார்கள். ஏழு நாள்! கையைப் பார்த்துக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. சோப்புத்தூள் ஒவ்வாமைதான், எனக்குத் தெரியாதா? ஆனாலும்.

அப்புறம் கோபம் வந்தது. மோசேயின் அண்ணன் ஆரோனும் கூடச் சேர்ந்துதானே பேசினான்? அவனுக்கு ஒன்றும் இல்லை. இவளுக்கு மட்டும் ஏன்? கைக்குழந்தையாகக் கூடையில் கிடந்த அந்தத் தம்பியை ஆற்றங்கரையில் காவல் நின்று காப்பாற்றியவளே இவள்தானே. அது யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? பார்த்தால், நம்ம ரோலர் அண்ணன் ஜோராக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்.

அவள் திரும்பி வரும்வரை ஜனங்கள் இடம் பெயரவில்லை என்று முடிகிறது. அது கதையில். எங்கள் ஆட்கள் நாளைக்குப் புதுக் கட்டடத்துக்குப் போகிறார்கள். என் மேசையில் யார் நிற்பார்கள்?

மார்ச் 25, செவ்வாய்

தம்பி மனைவி வந்தாள். தள்ளி நில் என்றேன், கேட்கவில்லை. என் கையைப் பிடித்து மருந்து தடவினாள்.

"புதுக் கட்டடம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"இன்னும் போகலையே அண்ணி. அக்கா இல்லாம மடிப்புப் பிரிவை இடம் மாத்தினா எல்லாம் குழம்பிடும், அக்கா வரட்டும்னு மேனேஜர்கிட்ட ஒத்தக் கால்ல நின்னுட்டாரு."

அவளே தொடர்ந்தாள். "அந்த மனு யாரு வேலைன்னு தெரியலைன்னு சொல்லிட்டாராம். ஒரு ஆளைக் கண்டுபிடிக்கத் தெரியல, நீ என்ன மேற்பார்வைன்னு மேனேஜர் கத்தியிருக்காரு. இன்னும் ஆறு மாசம் தற்காலிகமாம். போகட்டும் அண்ணி, வேலை இருக்கில்ல."

அவள் வெகுளிதான். இப்போது தெரிகிறது.

போகும்போது பையிலிருந்து என் டப்பாவை எடுத்து வைத்தாள். "அவரு கொடுக்கச் சொன்னாரு."

மூடியில் ஒடுக்கு இல்லை. விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னச் சுத்தியல் தழும்பு. உட்கார்ந்து பொறுமையாகத் தட்டியிருக்கிறான். இதோ, இந்தப் பக்கத்தில் வைத்து வரைந்து பார்த்தேன். முழு வட்டம்.

இனி யார் வந்து அந்த மனுவோடு வைத்துப் பார்த்தாலும் பொருந்தாது. டேய், உனக்கு நான் என்னடா செஞ்சேன்? என்ன செஞ்சு வெச்சேன்?

மார்ச் 26, புதன்

மூடி டப்பாவில் உட்கார மாட்டேன் என்கிறது. முப்பது வருடமாக டப்பாவும் அந்த ஒடுக்குக்கு வளைந்து கொடுத்திருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

கை ஆறிவிட்டது. ஏப்ரன் கட்டுவதற்கு முன்பே மேனேஜர் அறைக்குப் போனேன். "அந்த ஆள் நான்தான் சார்" என்றேன். பூமி பிளக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

வெளியே உட்காரச் சொன்னார். தம்பி உள்ளே போனான். கதவு சாத்தியிருந்தது. என்ன பேசினான் என்று தெரியாது, நடுநடுவே சாவிச் சத்தம் மட்டும் கேட்டது. இருபது நிமிடம் இருக்கும். எனக்கு மடிப்புப் பிரிவுப் பொறுப்பு போயிற்று. ஈரத்துணிப் பிரிவில் மூட்டை இறக்கும் வேலை. வேலையை விட்டு அனுப்பவில்லை. அவனுக்குத் தற்காலிகம் ஆறு மாதம் இல்லை, பழையபடி மூன்று மாதம்தான்.

நடைபாதையில் என் பின்னால் வந்தான். "ஏன்க்கா போய்ச் சொன்ன? நான்தான் மூடியைச் சரி பண்ணிட்டேன்ல?"

"அது டப்பாவுல உக்கார மாட்டேங்குதுடா" என்றேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

புதுக் கட்டடத்துக்கு இன்று மாறினோம். என் பழைய மேசை ஜன்னல் ஓரமாக, நல்ல வெளிச்சத்தில் இருக்கிறது. அதில் வேறொருத்தி நிற்கிறாள். அவள் மடிப்பு கோணல். சொல்லவில்லை.

மத்தியானம் ரொட்டி, முட்டை, உருளைக்கிழங்கு. மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். ரோலர் அண்ணன் பக்கத்தில் வந்து, "பழைய கொட்டகையில காத்தாவது வந்துச்சு, இல்லம்மா?" என்று ஆரம்பித்தார். "முட்டை ஆறுது அண்ணே" என்றேன்.

சாயங்காலம் கிலுகிலு சத்தம் வந்தது. "அக்கா, மூட்டையெல்லாம் இடது பக்கம் வை. வண்டி அந்த வழியாத்தான் வரும்."

"சரிங்க சார்."

"கிண்டல் பண்ணாதக்கா."

வலது பக்கம்தான் கிட்டத்தில் இருந்தது. வயிறு கொஞ்சம் எரியத்தான் செய்தது. இடது பக்கம் கொண்டுபோய் வைத்தேன்.