பத்துக்குப் பத்து பெற்ற காரும் மேடவாக்கம் மேம்பாலமும் குறித்த புகார் மனு

அனுப்புநர்
அ. பூவராகன், பி.எஸ்சி., பி.எல்.,
வழக்கறிஞர்,
ஏரிக்கரைக் குறுக்குத் தெரு,
பீர்க்கன்கரணை, சென்னை – 600 063.

பெறுநர்
மாவட்ட வழங்கல் மற்றும் நுகர்வோர் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம்,
செங்கல்பட்டு.

பொருள்: உத்தரவாதக் காலத்தில் உள்ள கார் – ஏசி இயங்குகையில் நெரிசலில் எஞ்சின் நின்றுபோதல் – மும்முறை ஒப்படைத்தும் பழுது நீங்காமை – நான் அளித்த முழு மதிப்பெண்களையே எனக்கு எதிரான சான்றாக விற்பனை நிறுவனம் காட்டுதல் – விசாரித்து ஆவன செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தாம்பரத்தில் கிரயம், தானம், விடுதலை முதலிய பத்திரங்களைத் தயாரித்துத் தரும் வழக்கறிஞர். வார்த்தைகளை எடைபோட்டு எழுதுவதே என் பிழைப்பு. ஆகவே இம்மனுவில் உள்ள எதுவும் கோபத்தில் எழுதப்பட்டதல்ல என்பதை முதற்கண் தெரிவித்துக்கொள்கிறேன். கோபத்தில் எழுதிய படியை என் மனைவி படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டார். நிறுவனத்தின் பெயரை மனுவில் எழுதாமல் இணைப்பில் மட்டும் தந்திருப்பதும் எச்சரிக்கையின் பொருட்டே.

2. என் மனைவி திருமதி ரோஹிணி, பள்ளிக்கரணையில் உள்ள மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. இடது முழங்காலில் அறுவைச் சிகிச்சை ஆனவர். பேருந்துப் படி ஏறக்கூடாது, காலை மடக்கி நெடுநேரம் உட்காரக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. இடது காலுக்கு வேலையே வைக்காத, கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் காரை நாங்கள் தேடி வாங்கியது இதனால்தான். பதிவு என் பெயரில், ஓட்டுபவர் அவர். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. நிறுவனம் இதைப் பெரிய குற்றமாகச் சுட்டிக்காட்டி வருவதால் நானே முந்திக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன்.

3. இவ்வாண்டு கோடையில், கேம்ப் ரோடு சிக்னலில் ஏசி ஓடிக்கொண்டிருக்கையில் எஞ்சின் தானாக நின்றது. பின்னர் நெரிசலில் ஊர்ந்து செல்லும் போதெல்லாம் நிற்கத் தொடங்கியது. முதல் முறை ஒப்படைத்தபோது பேட்டரியை மாற்றி, வண்டியைக் கழுவித் தந்தார்கள். நின்றது. இரண்டாம் முறை ஏதோ சென்சாரைத் துடைத்து, வண்டியைக் கழுவித் தந்தார்கள். நின்றது. கழுவும் பணியைப் பொறுத்தவரை நிறுவனத்தின்மீது எனக்கு எவ்விதக் குறையும் இல்லை. தொலைந்துபோனதாக நாங்கள் கைவிட்டிருந்த குடை ஒன்றும் இருக்கைக்கு அடியிலிருந்து மீட்டுத் தரப்பட்டது.

4. வண்டியைத் திருப்பித் தந்த இரு முறையும், அங்கு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பம்மலைச் சேர்ந்த திரு. தினகரன் என்பவர் வாசல் வரை வந்து என்னிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். சொற்களைத் திருத்தினால் சாட்சியத்தின் மதிப்பு குறையும் என்பதால் அவர் பேசியபடியே தருகிறேன்: "சார், கம்பெனிலேர்ந்து ஒரு பொண்ணு கால் பண்ணும். பத்துக்கு எவ்ளோன்னு கேக்கும். ஒம்போதுன்னு மட்டும் சொல்லிடாதீங்க சார், எங்க கணக்குல ஒம்போதும் முட்டைதான். இன்சென்டிவ் பூடும். வண்டி சரியாவலன்னா என்னாண்ட சொல்லுங்க, திட்டுங்க, நாலு அடி கூட வைங்க. அவங்களாண்ட மட்டும் பத்துன்னு சொல்லிடுங்க சார்." திரு. தினகரன் எங்களுக்குக் காபி வாங்கித் தந்தவர். மனைவி உட்கார மின்விசிறிக்கு நேராக நாற்காலி போட்டவர். படிக்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள் என்று கட்சிக்காரர்களுக்கு நாள்தோறும் ஓதும் நான், இரு முறையும் தொலைபேசியில் "பத்து" என்றேன்.

5. ஜூன் மாதக் கடைசியில், பள்ளிக்குச் செல்லும் வழியில், மேடவாக்கம் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் நிறைசுமையுடன் ஒரு தண்ணீர் லாரி. கார் பின்னோக்கி நகரத் தொடங்கியதாக என் மனைவி கூறுகிறார். இவ்வளவு தூரம் என்று அவர் அளவு சொல்லவில்லை. கணித ஆசிரியை அளவு சொல்ல மறுத்த ஒரே சந்தர்ப்பம் அது. லாரி ஓட்டுநர் குதித்து இறங்கி, "அக்கா, பயப்படாத! கைபிரேக்க இஸ்து வுட்டு அப்டியே குந்து, நான் கீறேன்ல!" என்று கத்தியவாறு ஓடிவந்து பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். வைத்துவிட்டு, "இன்னாக்கா, புது வண்டியாட்டம் கீது, இப்டி பேஜார் பண்ணுது?" என்றும் வினவினார். அக்கேள்விக்கு இன்றுவரை விடை இல்லை. இந்த வாகனத்துக்குச் செய்யப்பட்ட பணிகளில் உடனடிப் பலன் தந்தது அந்தக் கல் ஒன்றே.

6. மூன்றாம் முறை, வண்டியை இழுவை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுசென்றபோது, பணிமனை மேலாளர் திரு. அச்சுதன் அவர்களே எங்களைச் சந்தித்தார். என் மனைவி அருகில் நிற்க, அவர் என்னிடம் கூறியது: "சார், மேடம் கிளட்ச் மேலயே கால வெச்சு ஓட்டுவாங்கன்னு நெனைக்கிறேன். லேடீஸ் நெறைய பேருக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஃப்ரீயா ஒரு ட்ரெய்னிங் குடுத்துடறோம்." கிளட்ச் எது என்று காட்டுமாறு பணிவுடன் கேட்டேன். கதவைத் திறந்து குனிந்து பார்த்தார். சற்று நேரம் கழித்து நிமிர்ந்து, "அப்ப பிரேக் மேல வெச்சிருப்பாங்க" என்றார்.

7. பின்னர் சோதனை ஓட்டத்துக்கு அவருடன் நானும் சென்றேன். நெரிசல் இல்லாத புறவழிச் சாலையில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, ஏசி போடாமல் ஓட்டினார். ஏசி போட்டால்தான் வண்டி நிற்கிறது என்று நினைவூட்டினேன். "ட்ரயல்ல ஏசி போடக் கூடாது சார். பெட்ரோல் வேஸ்ட்டுன்னு மேனேஜ்மென்ட் சர்குலர் போட்டிருக்கு. இப்ப பாருங்க, எங்கயாவது நிக்குதா? நிக்கலல்ல? வண்டி ஓகே!" என்றார். மூன்று முறையும் பழுது ஏன் அகப்படவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. பழுது வரக்கூடிய நிலையில் வண்டியை ஓட்டக் கூடாது என்பதே அங்கு விதி. மேற்படி சோதனையின் முடிவாக, பணிமனையின் வேலை அட்டையில் பழுதின் காரணம் "ஓட்டுநரின் பழக்கம்" என்று எழுதி, வண்டியைக் கழுவித் தந்தார்கள்.

8. நான் அனுப்பிய அறிவிப்புக்கு நிறுவனம் அளித்த பதிலின் சாரம்: வாடிக்கையாளர் இரு முறையும் பத்துக்குப் பத்து அளித்துத் தம் முழுத் திருப்தியைத் தெரிவித்துவிட்டார், எனவே குறை ஏதும் நிலுவையில் இல்லை. என் பணிவான வாதம் இதுதான். அந்தப் பத்து, எஞ்சினுக்கு அளிக்கப்பட்டதல்ல. ஒரு மனிதரின் சம்பளத்துக்காக, அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் சொல்லப்பட்டது. கேட்டு வாங்கிய இரக்கம், உரிமையை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் ஆகாது.

9. மேம்பாலச் சம்பவத்துக்குப் பின் என் மனைவி அக்காரை எடுக்கவில்லை. ஷேர் ஆட்டோவில், இரண்டு இடங்களில் மாறி, பள்ளிக்குச் செல்கிறார். "டீச்சர் கால நீட்டிக்கட்டும், கொஞ்சம் அந்தாண்ட நவுந்து குந்துங்கப்பா" என்று ஓட்டுநர் மற்ற பயணிகளை ஒதுக்கி இடம் செய்து தருகிறார். ஆயினும் மாலையில் முழங்கால் வீங்கிவிடுகிறது. இப்படியே தொடர்ந்தால் அரையாண்டுத் தேர்வுடன் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவதை அவர் எவ்வளவு விரும்புகிறார் என்பதை மனுவில் நிரூபிக்க எனக்கு வழி தெரியவில்லை. காரின் உத்தரவாதக் காலமோ அக்டோபரில் முடிகிறது. அதுவரை எங்களைக் கழுவியே அனுப்பும் உத்தேசம் நிறுவனத்துக்கு இருப்பதாக நான் குற்றஞ்சாட்டவில்லை. அவ்வாறு நடந்து வருகிறது என்று மட்டும் கூறுகிறேன்.

10. தங்கள் அலுவலகம் தீர்ப்பு வழங்கும் மன்றமல்ல என்பதை அறிவேன். நுகர்வோர் ஆணையத்தை அணுகும் என் உரிமையை விட்டுக்கொடுக்காமல், நிறுவனத்தாரை அழைத்து விசாரித்துக் கீழ்க்கண்டவற்றுக்கு வழிசெய்யுமாறு வேண்டுகிறேன்:

அ) பள்ளிக்குச் செல்லும் நேரத்தில், ஏசி இயங்க, என் மனைவி ஓட்ட, திரு. அச்சுதன் அருகில் அமர, பீர்க்கன்கரணையிலிருந்து மேற்படி மேம்பாலம் வழியாகப் பள்ளிக்கரணை வரை ஒரு சோதனை ஓட்டம். ஏசிக்கு ஆகும் பெட்ரோலை நானே நிரப்பித் தருகிறேன்.

ஆ) அதில் காணப்படும் பழுதை எழுத்துமூலம் பதிவுசெய்து, உத்தரவாதத்தின்படி நீக்கித் தருதல், நீங்கும்வரை உத்தரவாதத்தை நீட்டித்தல்.

இ) "ஓட்டுநரின் பழக்கம்" என்ற குறிப்பை நீக்குதல்.

ஈ) இம்மனுவின் காரணமாகத் திரு. தினகரனின் ஊக்கத்தொகையில் கைவைக்காதிருத்தல். நாற்காலிக்கும் காபிக்கும் நான் அளித்த பத்தைத் திரும்பப் பெறவில்லை.

11. இம்மனுவைத் தட்டச்சு செய்து முடித்த வேளையில், மூன்றாம் முறைக்கான மதிப்பெண் கேட்டு அழைப்பு வந்தது. என் நாக்கின்மீது எனக்கு நம்பிக்கை இல்லாததால் தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன். அவர் கூறியதைப் பதிவுசெய்கிறேன்: "பத்தா? பாலத்துல எனக்குக் கல்லு வெச்ச டிரைவருக்கு வேணா போட்டுக்கோம்மா. நான் கணக்கு டீச்சர். விடை வராம மார்க் போட எனக்குத் தெரியாது. உங்க மேனேஜர் என்னோட அந்தப் பாலத்துல ஏறி எறங்கட்டும், அப்புறம் நானே கூப்பிட்டுச் சொல்றேன்." அந்தப் பெண், "அப்ப இப்ப என்னன்னு போடறது மேடம்?" என்று கேட்டதற்கு, "காலியா விடு" என்றார்.

மதிப்பெண்ணுக்கான அந்தக் கட்டம் இன்னும் காலியாகவே உள்ளது. என் மனைவி தம் காரிலேயே அப்பாலத்தைக் கடந்து, தம் கையாலேயே அதை நிரப்பத் தாங்கள் வழிசெய்வீர்கள் என்று நம்பிக் காத்திருக்கிறேன்.

இடம்: பீர்க்கன்கரணை
நாள்: 18.08.2025

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
அ. பூவராகன்

இணைப்பு: நிறுவனத்தின் பெயர், முகவரி, வேலை அட்டைகள், அறிவிப்பு, பதில் ஆகியவற்றின் நகல்கள், மருத்துவச் சான்று. கல் இணைக்கப்படவில்லை, அது மேம்பாலத்தின் ஓரத்தில், அடுத்து வருபவருக்காக, விட்டுவரப்பட்டது.