ஒன்பது மணி வகுப்பு

நவம்பர் 12, செவ்வாய்

நான் பயிற்சி கொடுக்கும் கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர் சரவணனுக்கு வருகைப்பதிவு போதவில்லை. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் தரமாட்டார்களாம். அவன் துறைத் தலைவியிடம் போய் நின்றேன்.

"மேட்ச் நாளுக்குத்தான் ஆன் டியூட்டின்னு வருகை போடுவோம் சார். பிராக்டீஸுக்கெல்லாம் கிடையாது. இனிமே மாசம் முடியற வரைக்கும் ஒரு கிளாஸ் விடாம வந்தா ஹால் டிக்கெட் தர்றோம்."

"கப் வேணும்னு பிரின்சிபால்தானே மேடம் உயிரை வாங்கறாரு?"

"அதை அவர்கிட்டயே கேளுங்க."

கேட்டேன். ரூல்ஸ் ரூல்ஸ்தான் என்றார். அதே மூச்சில், சனிக்கிழமை அரையிறுதியை ஜெயித்தே ஆகவேண்டும் என்றார். கோப்பை வந்தால் கல்லூரிக்கு, அரியர் விழுந்தால் பையனுக்கு. அவர் அறையைவிட்டு வெளியே வந்தேன்.

நான் மட்டும் என்ன யோக்கியம்? தினமும் காலை எட்டரைக்கு மைதானத்துக்கு வரச் சொல்லி, பத்து மணிவரை பிடித்துவைத்தது நான்தான். "கிளாஸை நான் பாத்துக்கறேன்டா" என்றதும் நான்தான்.

சாயங்காலம் மர்பி டவுனுக்குப் போய், அவன் வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும் சார்?"

முதல் வகுப்பு ஒன்பதுக்கு. தெரிந்தும், "எட்டரை" என்றேன்.