கோட்டுக்குக் கீழே ஒரு புள்ளி

2024 மார்ச் 4, திங்கள்
தனுஷனின் மேசை காலியாகி மூன்று வாரம். வரைபடத்தில் நான் போட்ட கோட்டில் அவன் கணக்கிட்ட கடைசிப் புள்ளி உட்காரவில்லை, கீழே கிடந்தது. "அவன் கணக்கில்தான் பிழை" என்று எங்கள் ஆய்வுக்குழுத் தலைவர் கேத்ரின் மேடத்திடம் சொன்னேன். அவர் அவனுடைய ஆராய்ச்சி உதவியாளர் வேலையை நீட்டிக்கவில்லை. ஊருக்குப் போய்விட்டான்.

மார்ச் 9
புரோத்தனுக்குள் இருக்கும் குவார்க்குகள் என்ற மூன்று நுண்துகள்களின் திணிவைக் கூட்டினால் புரோத்தனின் திணிவில் நூற்றில் ஒரு பங்குதான். மீதி எங்கிருந்து வருகிறது? கணினியில் குவார்க்கின் திணிவைக் குறைத்துக்கொண்டே போய், புரோத்தனின் திணிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறோம். குவார்க்கின் திணிவு பூச்சியமானால் இடக்கை, வலக்கைக் குவார்க்குகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்க வேண்டும். அதுதான் கைரல் சமச்சீர். இயற்கை அதை உடைத்துவிடுகிறது. அதனால் புரோத்தன் அங்கேயும் கனமாகவே இருக்கிறது.

அந்த உடைவு வளையியைச் சற்றுக் கீழே வளைக்கும். அந்த வளைவுக்கான உறுப்பை நான் சமன்பாட்டில் சேர்க்கவே இல்லை. நேர்கோடு போட்டிருக்கிறேன்! இன்று சேர்த்தேன். அவன் புள்ளி வளையியின் மேலேயே விழுந்தது.

மார்ச் 10
மூணு தடவை பார்த்தாச்சு. அவன்தான் சரி. ஐயோ, என்ன செஞ்சிட்டேன்?

மார்ச் 12
மேடத்தின் கதவு வரை போனேன். திரும்பிவிட்டேன்.

மார்ச் 16, சனி
வட்டவளையில் எங்கள் வீட்டுக்கு வந்து, அடுத்த ஸ்டேசனான றொசல்லைக்கு, தனுஷன் வீட்டுக்கு, ரயிலில் போனேன். அவன் அம்மா மீனம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "உள்ள வாங்கம்மா! நீங்கதான் அங்க இவனுக்கு ஒத்தாசைன்னு சொல்லுவான்" என்றார். தேத்தண்ணி தந்தார். அவன் வீட்டில் எதையும் சொல்லவில்லை.

அவனும் நானும் தோட்ட லயத்து வீட்டுக்கு வெளியே வந்ததும் சொன்னேன்: "பிழை என்னோடது, தனுஷன்."

"தெரியும். திருப்பிப் பாருங்கன்னு அன்னைக்கே கெஞ்சினேன்ல?"

கெஞ்சினான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லிறாதீங்க. மேடத்துகிட்ட சொல்லுங்க."

மார்ச் 18
சொல்லிவிட்டேன். மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "பிழை யாருக்கும் வரும், லோஜினி. அவன் மேல ஏன் போட்டீங்க?"

தெரியவில்லை என்றேன். பொய். அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் - அது பொறுக்கவில்லை எனக்கு.

மே 6
தனுஷன் திரும்பி வந்துவிட்டான். கட்டுரையில் முதல் பெயர் அவனுடையது. மேசையை அடுத்த அறையில் போட்டுக்கொண்டான். முன்பெல்லாம் "நகருங்கக்கா" என்று என் நாற்காலியையே பிடித்துக்கொள்வான். இன்று வாசலிலேயே நின்று கேட்டான்: "மிஸ், அந்த ஃபைல் வேணும்."

எழுந்து போய்க் கையில் கொடுத்தேன்.