உன் முகம் போட்ட டீஷர்ட்

உன் முகத்தை மஞ்சள் டீஷர்ட்டில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்று காலை கேன்டீன் வாசலில் ஆளுக்கொன்று கொடுத்தார்கள். பிரித்ததும் அந்த ரப்பர் பெயிண்ட் நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. உன் கம்பெனி அட்டையில் இருந்த படம்தான். உதட்டைக் கொஞ்சம் இழுத்து உன்னைச் சிரிக்க வைத்திருக்கிறார்கள். கீழே 'அன்பின் முகம்' என்று எழுத்து வேறு. நீ காய்ச்சலில் செத்துப்போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை.

இதே நாற்றமடித்த டீஷர்ட்டைத்தான் அன்றைக்கு நாம் போட்டிருந்தோம். சத்தியவேடு பக்கத்து நிலமெல்லாம் கம்பெனிகளாகி, செல்போன் பூட்டும் லைனில் நீயும் நானும் அக்கம்பக்கம் நின்ற புதிது. நம்மைப் பொறுக்கியெடுத்து, பஸ் ஏற்றி, திருப்பதியில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உள்ளே படுத்திருக்கும் பிள்ளைகளின் அம்மாக்களுக்குச் சோறு கொடுக்கும் சேவையாம். ஜன்னல் கம்பியில் பேனர் கட்டவே பாதிக் காலை போயிற்று. மேனேஜர் வரும்வரை பொட்டலத்தைத் தொடக்கூடாது என்று உத்தரவு. எலுமிச்சைச் சாதம் அட்டைப்பெட்டியில் புழுங்கிக்கொண்டிருந்தது. அம்மாக்கள் வரிசையில் நின்றுகொண்டே இருந்தார்கள்.

விஜயபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி. அவள் பையனுக்கு அன்று நெஞ்சில் ஆபரேஷன். அவளுக்குப் பொட்டலம் கொடுத்துப் படமும் எடுத்தாயிற்று. பார்த்தால், படத்தில் மேனேஜர் கண்ணை மூடிவிட்டாராம். "இன்கோசாரி, நவ்வண்டம்மா" என்று அவளை மறுபடியும் சிரிக்கச் சொன்னார். பொட்டலத்தைத் திரும்ப வாங்கி, புதிதாகக் கொடுக்கிற மாதிரி கொடுக்க வேண்டும். வாங்கியது நான். அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நர்ஸ், "பாபு வாள்ள அம்மா எக்கட?" என்று பையனின் அம்மாவைத் தேடிக் கத்தினாள்.

"புள்ளைய இட்டுக்கினு போறாங்கம்மா, என்ன உடு" என்றாள் அவள்.

"ஒரே ஒரு போட்டோக்கா, தோ ஆயிடும்." அதைச் சொன்னது என் வாய்தான்.

நீ வரிசையைப் பிளந்துகொண்டு வந்து, அவள் கையைப் பிடித்து ஓடினாய். அதற்குள் ஆபரேஷன் தியேட்டர் கதவை மூடிவிட்டார்கள். பையன் அம்மாவைக் கூப்பிடுவது வெளியே கேட்டது. நீ கதவைத் தட்டினாய், வாட்ச்மேன் உன்னைத் தள்ளினான். திரும்பி வந்து, என்னைப் பார்த்து, "துன்ற சோத்த குடுத்துட்டு புடுங்கறியே, நீ இன்னா ஜென்மம்மே?" என்றாய். மேனேஜர் அடுத்த அம்மாவோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

பஸ்ஸில், "பையன் பொழச்சிக்குவான்மே" என்றேன்.

"பொழப்பான். கண்ண தொறந்து, 'ஏம்மா, எங்க போன'ன்னு கேட்டா அவ இன்னா சொல்லுவா?"

பிழைத்தான். அவள் என்ன சொன்னாளோ, எனக்குத் தெரியாது.

அடுத்த ஞாயிறே நீ தனியாகப் போனாய். அங்கே ஒரு பிள்ளையோடு கூட இருக்க ஒரு பாஸ்தான், அம்மா நகர்ந்தால் பிள்ளை தனியாகக் கிடக்க வேண்டும். யாராவது ஒரு அம்மாவின் பாஸை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கட்டிலருகே உட்காருவாய். அவள் குளித்து, துணி அலசி, ஒரு வாய் சாப்பிட்டு வருவாள். "திருப்பதில சோறு யார் வேணா குடுப்பாங்க. புள்ள பக்கத்துல குந்தறதுக்குத்தான் ஆள் இல்ல" என்பாய். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு வரவில்லை என்று உனக்கு மெமோ கொடுத்தவர்கள்தான் இன்று உன்னை மார்பில் போட்டுக்கொண்டு திரிகிறார்கள். த்தூ.

"நீங்கதான் சீனியர். மதர்ஸ லைன்ல நிறுத்திடுங்க" என்றார், இன்றும் அதே ஆஸ்பத்திரிக்கு எங்களைப் பஸ் ஏற்ற வந்த புது ஹெச்.ஆர். டீஷர்ட்டை மடித்து அவர் கையிலேயே வைத்தேன். ஏன் என்றார்.

"இவ போட்டோக்கு நிக்க மாட்டா சார்" என்றேன்.

நீ போனபிறகு ஞாயிறுகளில் நான்தான் போய் உட்காருகிறேன். உன்மேல் உள்ள பிரியத்தால் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் அந்த விஜயபுரத்துப் பெண் பொட்டலத்தை உடனே விடவில்லை, தெரியுமா? ஒரு நொடி பிடித்திருந்தாள். நான் இழுத்தேன். அந்த இழுப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. இப்போது ஒரு அம்மா பாஸை நீட்டினால், அவளாக விடும்வரை நான் இழுப்பதில்லை.