இரண்டு டிஸ்க்கும் தனித்தனியாகவே இருக்கட்டும்

போடிநாயக்கனூர்,
ஆடி 12

அன்பு மகள் பவதாரணிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், மேலே மலையில் மழை பிடித்துக்கொண்டதால் கீழே எங்களுக்கு வெறும் காற்றுதான், காயப்போட்ட துணியை அரை மணியில் எடுத்துவிடலாம். புனேயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன மாதம் நான் போனைப் பட்டென்று வைத்ததற்கு நீ இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதாக அப்பா சொன்னார். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நடுவில் பேசுவாய், எழுதினால் நான் முடிக்கும்வரை நீ கேட்டாக வேண்டும்.

நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் பழைய ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போடுகிறது, இடமும் நிறைந்துவிட்டது என்றேன். நீ, இங்கிருந்தே உள்ளே வந்து பார்க்கிறேன், புதிதாக இரண்டு டிஸ்க் வாங்கு, இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய டிஸ்க் மாதிரி ஆக்கித் தருகிறேன் என்றாய். நீ உள்ளே வருவதும் வேண்டாம், சேர்ப்பதும் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டேன். காரணம், அந்தப் பழைய டிஸ்க்கில் 'சுப்புத்தாய்க்கு' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது, அது உன் கண்ணில் படக் கூடாது என்று நினைத்தேன். தப்பாக ஒன்றும் இல்லை. நீ கல்லூரிக்குப் போன வருஷம் எதிர்வீட்டுச் சுப்புத்தாய் மதினி, "எந்நேரமும் பொஸ்தகத்தையே வச்சிருக்கியே, அதுல என்னதான் எழுதியிருக்கு, எனக்குந்தான் சொல்லேன்" என்றார். நேரில் வாசிக்க வெட்கமாக இருந்தது. உன் மைக்கில் ஒரு கதையை வாசித்துப் பதிந்து, போனில் போட்டுக் கேட்க மெமரி கார்டில் கொடுத்தேன், யார் குரல் என்று சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டேன். அவர் மலையில் ஏலக்காய் எடுத்துக்கொண்டே கேட்க, பக்கத்துச் செடியில் இருந்தவர்களும் கேட்க, இந்த நாலு வருஷத்தில் இருநூற்றுப் பதினாலு பதிவு ஆகிவிட்டது. கார்டில் பழையதை அழித்துத்தான் அடுத்ததைப் போடுவேன், அதனால் அத்தனையும் அந்த டக் டக் டிஸ்க்கில் மட்டும்தான் இருந்தது. அது நின்றால் நாலு வருஷம் போச்சு. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் வேலுச்சாமியிடம் இரண்டு டிஸ்க்கும், தகவல் போகும் மெல்லிய வயர் இரண்டும் வாங்கி வந்தோம், கரண்டு வயர் பெட்டிக்குள்ளேயே மிச்சம் இருந்தது. அப்பா, மலைக்கு ஆள் ஏற்றும் தன் ஜீப்பின் ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். புது டயர் மாட்டினாலும் சந்தனம் வைக்கிறவர் டிஸ்க்கை மட்டும் விடுவாரா. நான் வயரைப் பிரிப்பதற்குள் ஒன்றுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார், எங்கே என்றால், இந்தத் துளையை மூடாதே என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறதே, சரியாக அதன்மேல். ஏன் என்று கேட்டால், "வட்டமா எடம் விட்டிருக்கான், பொட்டுக்குத்தான்னு நெனச்சேன்" என்கிறார். வேலுச்சாமிக்குப் போன் போட்டேன். அவன் சிரித்து முடித்துவிட்டு, "அக்கா, ஊசி கீசி விட்டு நோண்டிராதீக, மேலாக்குல பஞ்ச வச்சுத் தொடைங்க, மாமாவைத் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க" என்றான். துடைத்தேன். மூன்று வாரமாகக் குறை சொல்லாமல் ஓடுகிறது.

புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டர் முதலில் தயார்செய்யக் கேட்கும்போது பெயர் இல்லாமல் வெறும் எண்ணைத்தான் காட்டும், மாற்றி அமுக்கினால் பழையதைத் துடைத்துவிட்டுப் போய்விடும் என்று படித்திருந்தேன். விண்டோஸ் தனியாகச் சின்ன டிஸ்க்கில் இருப்பதால் பழையதை முழுக்கக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் புதியவை இரண்டையும் தயார்செய்தேன், இரண்டுக்கும் தனித்தனிப் பெயர். நீ சொன்னபடி சேர்த்தால் ஒன்று போகும்போது மற்றதில் உள்ளதும் போய்விடும். ஒன்றைப் பார்த்து மற்றது தானே எழுதிக்கொள்ளும் முறையும் இருக்கிறதாம், ஆனால் நான் கைதவறி அழித்தால் அதுவும் கூடவே அழிக்குமாம், என் கையை எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். "இதுக்குப் படிக்கணுமாக்கும், ஒரு எடுப்புல பறிச்ச ஏலக்காய அடுத்த எடுப்போட சேத்து மூடை கட்டுவாகளா, ஒண்ணு ஈரமா இருந்தா பூராவும் பூசணம் பூத்துப்போகும்ல" என்றார்.

பிறகு பழையதை மாட்டி நகலெடுத்தேன். அப்பா பார்க்காதபடி திரையைத் திருப்பி வைத்துக்கொண்டேன். நூற்றறுபதாவதில் சத்தம் நின்று எல்லாம் அப்படியே உறைந்துவிட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா எட்டிப் பார்த்து, "பானு, எதுக்கு இன்னும் மறைக்கிற, ரெண்டு வருசமா ஒன் கதைய என் ஜீப்புலதான கேட்டுக்கிட்டு வர்றாளுக, ஸ்பீக்கர் மாட்டுனதே அதுக்குத்தான்" என்றார். அது என் குரல் என்று யாருக்கும் சொல்லவில்லையாம். ஒருநாள் வண்டியில் வரும் அன்னக்கொடி, "கதைக்காரி பாதியில நிறுத்திப்புட்டா, அவ புருசன் சோறு கேட்டிருப்பான்" என்றாளாம், வண்டியே சிரித்ததாம், இவரும் சேர்ந்து சிரித்துக்கொண்டே ஓட்டினாராம். எனக்குக் கோபப்படவும் தெரியவில்லை. கம்ப்யூட்டரை அணைத்து ஆறவிட்டு மறுபடி போட்டோம், கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மூன்று மட்டும் வரவேயில்லை, அவற்றை மறுபடி வாசித்துவிட்டேன், இந்த முறை கதவைச் சாத்தவில்லை. இப்போது எல்லாம் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கிறது.

ஆனாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள். ஒரு இடி விழுந்தால் போதும். அதனால் மூன்றாவது நகலை ஒரு மெமரி கார்டில் போட்டு இதோடு அனுப்புகிறேன், இங்கிருந்து தூரத்தில் எனக்கு இருப்பது நீ ஒருத்திதான். பத்திரமாக வைத்துக்கொள். திறந்து கேட்பது உன் இஷ்டம். கேட்டால், கேட்டேன் என்று ஒரு வரி எழுது, எப்படி இருந்தது என்று மட்டும் போனில் சொல்லாதே, எனக்குக் கூச்சமாக இருக்கும்.

நீண்ட ஆயுளும் நிம்மதியான தூக்கமும் உனக்குக் கிடைக்கட்டும். பல்வலிக்கு மருத்துவரைப் பார்.

பாசமுடன் உன் அம்மா,
ரா. பானுப்பிரியா