காத்து ஸ்பானருக்கு விளக்கெண்ணெய்

ஆடி 1, புதன்

மேகமூட்டம். மழை இல்லை. வாசலுக்கு வேப்பிலை கட்டியாச்சு. கேழ்வரகு அரைக்கக் கொடுக்கணும்.

தேவராஜு காலை ரயிலுக்கு ரேணிகுண்டா போனான், டயர் பார்க்க. வெள்ளிக்கிழமை வருவான். போகும்போது கொட்டகையைக் காட்டி, "ஆயா, மிஷின் உன் பொறுப்பு. சுப்பராயுலு பஸ்ஸு வந்தா மட்டும் குடு. வேற எவனையும் தொட உடாத" என்றான். என் மகள் வயிற்றுப் பேரன். அவள் போனபின் நான் வளர்த்தது. மீசை வைத்த ஆள், ஆனாலும் தெருமுனையில் திரும்பிப் பார்க்கிற பழக்கம் போகவில்லை. இன்றைக்கும் பார்த்தான்.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா மறுபடியும் கேட்டாள். "அது இன்னாக்கா, தெனம் தடதடன்னு?" சொன்னேன். அரக்கோணத்துப் பட்டாளத்து ஒர்க்ஷாப்பில் சண்டை முடிகிற வரைக்கும் என் பேரன் வேலை பார்த்தான். வெள்ளைக்காரன் மூட்டை கட்டினபோது ஏலத்தில் எடுத்து வந்தான். எஞ்சின் ஓடித் தொட்டியில் காற்று அடைக்கும். காற்று ரப்பர் குழாய் வழியாகத் துப்பாக்கி மாதிரி ஒன்றுக்குப் போகும். விசையை அழுத்தினால் தட்டித் தட்டிச் சக்கரத்து நட்டைக் கழற்றிவிடும். ஜில்லாவிலேயே வேறு யாரிடமும் இல்லை என்றேன். ஜில்லா முழுக்க நான் பார்த்ததில்லைதான். இருக்கட்டும்.

அதற்குச் சவரட்சணை என் கையில். "எங்க ஆயாதான் எனக்கு ஃபிட்டரு" என்று எல்லாரிடமும் சொல்லுவான். பொழுது சாய்ந்தால் தொட்டி அடியில் திருகைத் திறந்து தண்ணீர் இறக்கணும். காற்றிலிருந்து எப்படித் தண்ணீர் வருகிறதோ, வருகிறது. விட்டால் துரு. குழாய் சேருகிற வாயில் சொட்டு எண்ணெய். நட்டில் மாட்டுகிற குப்பியை மாற்றுவதற்கு முன் காற்றை நிறுத்தி, குழாயில் மீந்ததையும் விடணும், இல்லாவிட்டால் விரல் போகும். முந்தானையை இழுத்துச் செருகணும். காதில் பஞ்சு.

ராத்திரிச் சாப்பாடு: மோர் சாதம். தனி ஆளுக்கு அது போதும்.

எழுதாமல் விட்டது. ஆடிக் கிருத்திகைக்கு நம்ம முருகன் மலைக்குக் காவடி எடுக்கப் பெங்களூர் லாரி முதலாளி ஒருவர் வருகிறார். மிஷின் ஓடுவதைப் பார்ப்பாராம். பிடித்தால் மிஷினோடு இவனையும் கூட்டிப் போவாராம். போகிறாயா என்று நான் கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் எனக்குக் கிடையாது.

ஆடி 2, வியாழன்

வெயில். முதுகுவலி.

எண்ணெய் டப்பா காலி. பட்டாளத்து எண்ணெய், தண்ணீர் மாதிரி மெலிசு. கவிழ்த்து வைத்துப் பார்த்தேன், ஒரு பொட்டுக்கூட வரவில்லை. யாரைக் கேட்பது? கேட்டால் "ஃபிட்டரம்மாவுக்கே தெரியலியா" என்பான் சுப்பராயுலு. வீட்டில் விளக்கெண்ணெய் இருக்கிறது. வண்டி அச்சுக்கு அதுதான், கிணற்று ராட்டினத்துக்கு அதுதான், கதவுக் கீலுக்கு அதுதான், குழந்தை உச்சிக்கும் அதுதான். தாராளமாகவே விட்டேன்.

மத்தியானம் பஸ் வந்தது. டிரைவர் சுப்பராயுலு தெலுங்குக்காரன், நகரி பக்கம். வாய் ஜாஸ்தி. ஒரு கையால் துப்பாக்கியைப் பிடித்தான். "ரெண்டு கையால புடிய்யா, ஒதைக்கும்" என்றேன். "ஏம் பெத்தம்மா, இது இன்னா மாடா?" என்றான். உதைத்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஆடினான். சிரித்துவிட்டேன். பிறகு இரண்டு கையாலும் பிடித்தான்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டைப் பாதிதான் காற்றில் முறுக்கலாம். மீதி கை ஸ்பானரால், எதிரும் புதிருமாக. முழுக்கக் காற்றிலேயே முறுக்கினால் நட்டின் மறை அறுந்துபோகும், வழியில் சக்கரம் தனியாகப் போகும். தேவராஜு சொன்னது. அவன் செய்கிறானா என்று நின்று பார்த்தேன். "போலீஸு மாதிரி நிக்கிறியே" என்றான்.

ஆடி 3, வெள்ளி

மாவிளக்கு போட்டேன். தேவராஜு கடைசி வண்டிக்கு வந்தான். பயங்கர ஜலதோஷம். மிளகு ரசம். டயர் கிடைக்கவில்லை. எண்ணெய் தீர்ந்ததைச் சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் தூங்கிப்போனான்.

ஆடி 4, சனி

காலையிலிருந்தே பஸ், லாரி. காவடிக் கூட்டம் தொடங்கிவிட்டது. ஆந்திரா பக்கத்து வண்டிகள்தான் அதிகம்.

பத்து மணி வாக்கில் மிஷின் நின்றுவிட்டது. எஞ்சின் ஓடுகிறது, காற்று உஸ்ஸென்று போகிறது, துப்பாக்கி முனை அசையவில்லை. தேவராஜு தட்டினான், உதறினான். முகம் செத்துவிட்டது. "உள்ள தகடு ஒடைஞ்சிகீது ஆயா. பட்டாளத்துல ஒண்ணு இப்பிடித்தான் போச்சு. இதுக்கு ஸ்பேரு இந்தத் தேசத்துலயே கெடைக்காது." வண்டிகள் வரிசையில். பிரித்துப் பார்க்கவும் நேரமில்லை. கை ஸ்பானரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சாயந்தரம் துடைக்க எடுத்தேன். காற்று வெளியே போகிற ஓட்டையில் பிசுக்கு. விரலில் பசை மாதிரி ஒட்டியது. முகர்ந்தேன். விளக்கெண்ணெய்.

உடையவில்லை. ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவனுக்கு மூக்கு அடைத்திருக்கிறது, தெரியவில்லை. துப்பாக்கியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்தேன்.

ஆடி 5, ஞாயிறு

பருப்பு உருண்டைக் குழம்பு. அவனுக்குப் பிடிக்கும் என்பதால்.

சாப்பிடும்போது அவனே சொன்னான். "பெங்களூர்க்காரர்கிட்ட இல்லன்னுடறேன் ஆயா. மிஷின் இல்லாம என்ன எதுக்குக் கூட்டுகினு போவாரு? இங்கியே கையால திருகிகினு கெடக்கறேன்."

"ஆங்" என்றேன். இன்னொரு உருண்டை போட்டேன்.

மனசுக்குள் மேளம். பொங்கலுக்கு இருப்பான். பெண் பார்க்கலாம், அம்மையார்குப்பத்தில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. இந்த வீட்டில் இரண்டு பேர் பேச்சுச் சத்தம், மூன்று பேர் பேச்சுச் சத்தம். அவன் பட்டாளத்து வேலைக்குப் போயிருந்த காலத்தில் நான் பல்லியோடு பேசியிருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

ஆனால் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. உருண்டை தட்டிலேயே இருந்தது. உள்ளங்கை கொப்புளம். மஞ்சள் வைத்துக் கட்டினேன். "நான்தான் சரியா பாத்துக்கல. போட்டது போட்டபடி ஊர் சுத்தப் போயிட்டேன்" என்றான்.

இன்றைக்கும் தண்ணீர் இறக்கினேன். எதற்கோ.

ஆடி 6, திங்கள். பரணி

விடியும் முன்பே அரோகரா. மலைப்படியெல்லாம் மஞ்சள் வேட்டி. வாசலில் நீர்மோர்ப் பானை வைத்தேன்.

சுப்பராயுலு பஸ் பின்சக்கரம் மாற்ற வந்து நின்றது. ஜனங்கள் உள்ளே உட்கார்ந்தபடி கத்துகிறார்கள். தேவராஜு கட்டுப்போட்ட கையால் நட்டு திருகுகிறான், ஒன்று வரவேயில்லை. அப்போது சுப்பராயுலு எல்லார் காதும் கேட்க, "பட்டாளத்தான் வேணாம்னு தூக்கிப் போட்ட குப்பைய வெல குடுத்து வாங்கினு வந்தாம்பா இந்தத் தொர. இருந்த லட்சணம் பாரு! ஏமாந்த சோணகிரி" என்றான். பஸ்ஸே சிரித்தது. தேவராஜு தலையைத் தூக்கவில்லை.

எனக்கு எங்கிருந்து வந்ததோ. "யாருடா சோணகிரி? அது குப்பையும் இல்ல, எம் பேரன் ஏமாறவும் இல்ல. நான் வெளக்கெண்ணெ ஊத்திட்டேன், ஒட்டிகினுகீது. போதுமா?"

தேவராஜு என்னைப் பார்த்தான். "எப்போ ஆயா?" "வியாழக்கெழம." "எப்போ தெரியும்?" "சனிக்கெழமையே தெரியும்." அதற்குமேல் அவன் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் வலிக்கிறது. புரிந்துகொண்டான்.

பஸ் போனபின் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தான். நான் மண்ணெண்ணெய்க் கிண்ணம் பிடித்தேன். உள்ளே மெல்லிய தகடுகள், பள்ளத்துக்குள் போய் வந்து ஆட வேண்டியவை. எல்லாம் பாகு பிடித்த முறுக்கு மாதிரி ஒட்டிக் கிடந்தன. ஒன்றும் உடையவில்லை. கழுவித் துடைத்து, தையல்காரரிடம் தையல் மிஷின் எண்ணெய் வாங்கி விட்டு, மூடினான். காற்றைத் திறந்தான். தடதடதட. பானை மேல் மூடி ஆடியது.

"ஃபிட்டரம்மா" என்றான். சிரித்தானா என்று தெரியவில்லை, இருட்டிவிட்டது.

ஆடி 7, செவ்வாய். கிருத்திகை

தரிசனத்துக்கு ஏறவில்லை. முழங்கால். கீழேயிருந்தே கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

பெங்களூர் முதலாளி வந்தார். மொட்டைத் தலை, சந்தனம், கழுத்தில் மாலை. நல்ல மாதிரி. என்னை அம்மா என்றார். மிஷினைத் தொட்டுப் பார்த்து, தானே ஓட்டணும் என்றார். ஒரு கையால் எடுத்தார். மாலை தொங்குகிறது.

"ரெண்டு கையால புடிங்க. மாலைய கழட்டி வைங்க, சுத்திக்கும்."

தேவராஜு பல்லைக் கடித்தான். முதலாளி மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். ஓட்டினார். குழந்தை மாதிரி சிரித்தார். "யாரம்மா இத இவ்ளோ சுத்தமா வெச்சிருக்கறது?" என்றார். தேவராஜு சொன்னான்: "எங்க ஆயாங்க."

நாளைக்கே காலி லாரி போகிறதாம். அதிலேயே ஏற்றலாம் என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் மாலையை எங்கே வைப்பது என்று தேடிக்கொண்டிருந்தேன். தேடுகிறாப்போல. கடைசியில், "துணிமணியெல்லாம் தொவைக்கணுமே, ஈரமா கீதே" என்றேன். அதுதான் சம்மதம். அவனுக்குத் தெரியும்.

ஆடி 8, புதன்

தூறல். அப்புறம் நின்றது.

கட்டிக் கொடுத்தது: புளிசாதம், எள்ளுருண்டை, ஊறுகாய் ஜாடி (வாயைத் துணியால் இறுக்கி), கம்பளி, பஞ்சு, தையல் எண்ணெய்.

மிஷினை லாரியில் ஏற்ற ஆறேழு பேர். சுப்பராயுலுவும் வந்து தோள் கொடுத்தான், வாயே திறக்காமல். தேவராஜு என் காலில் விழுந்தான். எழும்போது என் காதருகே, "ஒரு வருசம் ஆயா. இடம் பாத்து உன்னியும் இட்டுகினு போறேன்" என்றான். "மொதல்ல நீ ஒழுங்கா சாப்புடு" என்றேன்.

கன்னியம்மா வேலி ஓரமாக நின்றாள். "ஆடியில யாராச்சும் புது வேலைக்கு அனுப்புவாங்களாக்கா?" என்றாள். "எங்க வூட்ல அதெல்லாம் பாக்கறதில்ல" என்றேன். நான் பார்க்காத சகுனம் உண்டா.

கொட்டகையைப் பெருக்கினேன். மிஷின் சக்கரம் அழுத்தின இடம் மண்ணில் குழியாக இருக்கிறது. அதைப் பெருக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கன்னியம்மா மறுபடி வந்தாள். "தனியா இன்னாத்தக் காச்சிக் குடிக்கப் போற? எங்க வூட்ல சாப்புட வாக்கா." உலை வைத்துவிட்டேன், கொதிக்கிறது, நீ போ என்றேன். போய்விட்டாள்.

அடுப்பே மூட்டவில்லை.